மறு: ஏரேட்டருக்கு என்ன சொல்லு? நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போவுது

தொண்டி: ஐயாமாரே, இறால் பண்ணையில வேலை பாக்குற பசங்களுக்கு ஒரு பக்க நோட்டீஸ் அடிக்கிறோம், ஏரேட்டர் (ரெக்கை வச்ச வீலால குளத்துத் தண்ணிய அடிச்சு காத்து கலக்குற மிஷின்) நின்னுபோச்சுன்னா எலக்ட்ரீசியன் வர்றவரைக்கும் என்ன பாக்கணும்னு. விஷயமெல்லாம் எழுதியாச்சு. உர்ருன்னு சத்தம் வந்து சுத்தலன்னா ஒடனே ஆஃப் பண்ணு, மூணு பேஸ் கரண்ட்டுல ஒரு பேஸ் போயிருக்கும், விட்டா காயில் கருகிரும். மெயின ஆஃப் பண்ணாம தண்ணியில எறங்காத. மோட்டார் பின்னாடி ஃபேன கையால சுத்திப்பாரு, இறுக்கமா இருந்தா கயிறு சுத்தியிருக்கும் இல்ல பேரிங் போயிருக்கும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் வழியா தண்ணி ஏறிருச்சு. பின்பக்கமா சுத்துனா ரெண்டு பேஸ மாத்திப் போடு. இப்ப அச்சகத்துல தலைப்பு கேக்குறாக, தமிழ்ல என்ன போடட்டும்? நாளை மத்தியானத்துக்குள்ள வேணும்.

மதுரை: வளியூட்டி. சந்தேகமே வேணாம். புறநானூறு 66-ல வெண்ணிக்குயத்தியார் கரிகாலன "வளிதொழில் ஆண்ட உரவோன் மருக"ன்னு பாடுறாங்க, காத்தையே வேலை வாங்குனவன் வழியில வந்தவனேன்னு. காத்த வேலை வாங்குற மிஷினுக்கு இதவிடப் பொருத்தமான சொல் ஏது?

தேவிபட்டினம்: வாத்தியாரய்யா கோவிச்சுக்கக் கூடாது, எங்க பக்கம் காத்துன்னா கச்சான், வாடை, கொண்டல். வளின்னு போட்டா பயலுக மாத்திரை வாங்கிட்டு வந்து நிப்பானுக. காற்றூட்டின்னு போடுங்க.

மதுரை: லகர ளகரம் தெரியாதது சொல்லோட குத்தமா?

துபாய்: எனக்கு ஊட்டிதான் உறுத்துது. உண் என்பதோட பிறவினை ஊட்டு, வாய்க்குள்ள வைக்கணும். இந்த மிஷின் காத்த உள்ள தள்ளவே இல்லையே, ரெக்கை தண்ணிய மேல அடிச்சு செதறவிடுது, துளி காத்துல படுறப்ப ஆக்சிஜன் கரையுது, கூடவே தண்ணியும் நகருது. வேலை பூரா தண்ணி மேல. நீரடிப்பான்னு சொன்னா தப்பா?

காரைக்குடி: ஏரேட்டர்லயே நம்ம ஏர் இருக்கே, யாரும் பாக்கலையா? நிலத்த உழுதா மண்ணுக்குக் காத்து, நீர உழுதா நீருக்குக் காத்து. நீரேர்! லத்தீன்ல உழுறதுக்கு அராரேம்பாங்க, எல்லாம் ஒரே வேர்.

துபாய்: அண்ணே, இங்கிலீஷ் ஏர் (air) கிரேக்கச் சொல்லுலேருந்து வந்தது, அர்த்தம் காத்து. கலப்பைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

காரைக்குடி: கிரேக்கனுக்கு யார் சொல்லிக் குடுத்தான்னு கேளுங்க தம்பி. உங்க ஊர் பக்கம் அழகன்குளத்துல தோண்டுனப்ப ரோமானியப் பானை ஓடு கெடைச்சுதுல்ல, ஓடு வந்த கப்பல் திரும்பிப் போறப்ப மிளகு மட்டுமா ஏத்திட்டுப் போயிருக்கும், நாலு சொல்லும் ஏறியிருக்காதா?

மண்டபம்: கப்பல் அப்பறம் போகட்டும். ராத்திரி பூரா பாசியும் சேந்து ஆக்சிஜன எடுத்துக்கிறதால விடியறதுக்கு முந்திதான் அடிமட்டத்துக்கு எறங்கும், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ போனா இறால் தவிச்சு மேல வந்து ஓரத்துல ஒதுங்கும். அந்நேரம் தூங்குறவன எழுப்ப கரையில நின்னு கத்துறதுக்கு வாய்ல வர்ற சொல்லு வேணும். நாங்க "வீலு நின்னுருச்சு"ன்னுதான் கத்துவோம். இன்னொண்ணு, உப்புக்காத்துல, மோட்டார்ல ஒயர் சேர்ற டெர்மினல் பாக்ஸ் உள்ள பச்சையா களிம்பு புடிச்சுரும், பாதி கோளாறு அங்கதான். அத நோட்டீஸ்ல காணுமே?

மதுரை: வீலு தமிழா?

மண்டபம்: சக்கரம் தமிழா? ஆழின்னு வேணா கத்துறோம், பயலுக கடலப் பாத்து ஓடுவானுக.

தேவிபட்டினம்: 😀 எனக்குக் காற்றூட்டி போதும், ஆள விடுங்க.

துபாய்: ஊட்டி இன்னும் உறுத்துது, ஆனா நாளைக்கு டூட்டி இருக்கு. சரி, காற்றூட்டி.

தொண்டி: அச்சுக்குக் குடுத்தாச்சு. தலைப்புல காற்றூட்டி, பக்கத்துலயே ஏரேட்டர், உள்ள பூரா வீலு. களிம்பும் சேத்தாச்சு, மெயின ஆஃப் பண்ணிட்டு சுரண்டி, டெர்மினல் போல்ட்ட இறுக்கி, மூடிக்கு ரப்பர் வாஷர் போடணும்னு. எல்லாருக்கும் நன்றி.

மதுரை: கை தூக்குன கணக்குல சொல்லாக்கம் நடக்குது. என் மறுப்பப் பதிஞ்சு வைங்க: வளியூட்டி.

காரைக்குடி: ரெண்டாம் பதிப்பு போடுறப்ப சொல்லுங்க. ஏரியும் ஏர்லேருந்து வந்ததுதான், அத தனி இழையில எழுதுறேன்.