துப்பாக்கி லைசென்ஸ் பற்றி உங்கள் ஊர் போலீஸ்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

தேன்கனிக்கோட்டை விவசாயி

வணக்கம். துப்பாக்கி வைத்திருப்பவர்கள், லைசென்ஸ் கேட்டு அலைந்தவர்கள், வீட்டில் போலீஸ் வேலையில் யாராவது இருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள். பொதுமக்கள் கையில் துப்பாக்கி இருப்பதைக் காக்கிச் சட்டைக்காரர்கள் உண்மையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

எங்கள் நிலம் காட்டோரம். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறோம். காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கரைப் புரட்டிப் போட்டுவிடும். பரண் கட்டி, தகரம் தட்டி, பட்டாசு போட்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் இருக்கிறது. அதை நம்பி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். மனு அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட் கேட்டு வந்தது. ஒரு எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார்.

பன்றி எத்தனை வருகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கேட்பார் என நினைத்தேன். அதெல்லாம் கடைசியில்தான். முதலில் கேட்டது, "ராத்திரி அதை எங்க வைப்பீங்க?" பீரோவைக் காட்டினேன். பூட்டிப் பார்த்தார். சாவி யார் யாரிடம் இருக்கும் என்றார். வீட்டில் குடிக்கிறவர் உண்டா, தம்பியோடு பாகப்பிரிவினை முடிந்துவிட்டதா, வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்றிக்குக் கேட்டால் குடும்பக் கதை எதற்கு சார் என்று கேட்டே விட்டேன்.

அவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணா, நீங்க பன்னிய நெனச்சு கேக்கறீங்க. நான் பங்காளிய நெனச்சு கேக்கறேன். பன்னி வெள்ளாமை சமயத்துல மட்டும்தான் வரும். பங்காளி வருஷம் பூரா பக்கத்துலயே இருப்பார்." அவர் பார்த்த துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் வெளியாள் திருட வந்து சுடப்பட்டது ஒன்றுகூட இல்லையாம். வரப்பு, பொழி, தண்ணீர் முறை, குடிபோதை. வேட்டைக்குக் கூடப் போன நண்பனே இருட்டில் மிருகம் என்று நினைத்துச் சுட்டது. இவ்வளவுதான் அவர் பட்டியல்.

அதற்கப்புறம் சட்டத்தையும் பொறுமையாகச் சொன்னார். 2014இல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் என்றால், 1972ஆம் வருட வன உயிரினச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். லைசென்ஸ் வந்தாலும் நானாகப் பன்றியைச் சுட முடியாது, சத்தம் போட்டு விரட்டத்தான் ஆகும். 2025 ஜனவரியில் வந்த அரசாணையும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறைக்காரர்கள் சுடலாம் என்றுதான் சொல்கிறது. காட்டை ஒட்டியே இருக்கிற எனக்கு அதில் ஒன்றும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, இப்போதும் படவில்லை.

ஆனால் டீ குடிக்கும்போது அவரே வேறு மாதிரிப் பேசினார். லைசென்ஸ் துப்பாக்கியால் தனக்குத் தூக்கம் கெடுவதில்லை என்றார். அதற்கு நம்பர் இருக்கிறது, வீடு தெரியும், ஆள் தெரியும். மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருக்கிற நாட்டுத் துப்பாக்கிதான் பயம். "நியாயமா கேக்கறவங்களுக்கு எல்லாத்தையும் மறுத்துட்டா அவுட்டுக்காய், கரண்ட் வேலின்னு போயிடறாங்க" என்றார். அவுட்டுக்காய் என்றால் மிருகம் கடித்தால் வெடிக்கிற நாட்டு வெடி. அது பொய்யில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கத்தில் கள்ளத்தனமாக விட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அவருடைய இன்ஸ்பெக்டர் கருத்து நேர் எதிர். ஒரு துப்பாக்கி கூடினால் ஒரு வழக்கு கூடும், அவ்வளவுதான் என்பார். ஒரே ஸ்டேஷனுக்குள்ளேயே இரண்டு எண்ணம். உங்கள் பக்கம் எப்படி?

அரூர் முன்னாள் சிப்பாய்

நான் ராணுவத்தில் இருந்து வந்து ஒரு வங்கியில் காவலராக வேலை பார்த்தவன். 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். ராணுவத்தில் இருந்தவன் என்றால் போலீஸ்காரர்கள் தனி மரியாதை கொடுப்பார்கள். "ஆயுதத்தைக் கையாளத் தெரிஞ்சவர், பிரச்சினை இல்லை" என்று எழுதிவிடுவார்கள். இதை நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். கையாளத் தெரிவது வேறு, கோபத்தில் கை நிற்பது வேறு. வெளியே வந்தபிறகு குடியிலும் கடனிலும் உடைந்துபோன நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். எஸ்.ஐ. விவசாயி அண்ணனிடம் கேட்ட கேள்விகளை எங்களிடமும் கேட்க வேண்டும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலில் இருந்தவரை விலக்கு இருந்தது. ஓய்வு பெற்றபின் 2024 மக்களவைத் தேர்தலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரைட்டர் நம்பரைச் சரிபார்த்து, குழலைப் பார்த்து, ரசீது எழுதினார். அவரிடம் கேட்டேன், ஊரில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறவன் கொடுக்கவா போகிறான், எங்களை எதற்கு அலையவிடுகிறீர்கள் என்று. "உங்களுதும் இங்க இருந்தா, வெளியில சத்தம் கேட்டதும் அது கள்ளத்துப்பாக்கின்னு எங்களுக்குத் தெரிஞ்சுரும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்தார்கள், லைசென்ஸ் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக்கினார்கள். எனக்குத் தெரிந்த போலீஸ்காரர்களில் முதலாவதை வரவேற்காதவர் இல்லை. இரண்டாவதைப் பற்றி ஒரு ஏட்டு வருத்தப்பட்டார். ஐந்து வருடத்தில் ஒரு மனுஷன் எவ்வளவோ மாறிவிடுவான், இடையில் யார் போய்ப் பார்ப்பது என்றார்.

பாப்பாரப்பட்டி

என் அப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீரப்பன் காலத்தில் பென்னாகரம் பக்கம் வேலை பார்த்தவர். 2004 அக்டோபர் 18 ராத்திரி எங்கள் ஊர்ப் பக்கம்தான் எல்லாம் முடிந்தது, உங்களுக்கே தெரியும். அந்த வருடங்களில் மலையோரத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை அப்பா அடிக்கடி சொல்வார். காட்டுக்குள் இருக்கிறவனும் கேட்டு வருவான், அதிரடிப்படையும் சந்தேகப்பட்டு வரும். தற்காப்புக்கு என்று வைத்திருந்த பொருள் அந்த வீட்டையே இரண்டு பக்கமும் மாட்டிவிட்டது என்பார்.

அவர் வேலையில் இருந்தவரை சொந்தத் துப்பாக்கி வாங்க நினைத்ததே இல்லை. அப்பா கையில் அரசாங்கத் துப்பாக்கி இருந்த நாட்களிலும், வேலை முடிந்ததும் ஆயுதங்களை வைக்கிற அறையான கொத்தில் ஒப்படைத்து, எண்ணிக் கொடுத்த தோட்டாவை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "எனக்கே அரசாங்கம் எண்ணித்தான் குடுக்குது. பயிற்சி இல்லாதவன் வீட்ல எண்ணாம இருக்கலாமா?" என்று கேட்பார். இது அவருடைய வாதம். எனக்கு இதைவிட நல்ல வாதம் இன்னும் கிடைக்கவில்லை.

சித்தேரி மலைப் பக்கம் பள்ளி ஆசிரியர்

போலீஸ் என்ன நினைக்கிறது என்று பேசுகிறோம். மலைமக்கள் போலீஸைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். எங்கள் மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் சந்தனக் கட்டைச் சோதனை என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரை என்ன செய்தார்கள் என்பது கோர்ட்டிலேயே நிரூபணமாகிவிட்டது. 18 பெண்களுக்கு நடந்த கொடுமைக்கு 2011இல் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு பெரியவர், கூரையில் இருக்கிற பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தானாக ஸ்டேஷன் படியேறுவாரா? அதனால்தான் சமீப வருடங்களில் போலீஸும் வனத்துறையும் ஊர் ஊராக வந்து, பொது இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள், வழக்கு கிடையாது என்று சொல்வது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. அப்படி வந்த ஒரு டி.எஸ்.பி. எங்கள் பள்ளியிலேயே கூட்டம் போட்டார். கள்ளத்துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை சிறை, செய்து கொடுத்தால் ஏழு வருடத்திலிருந்து ஆயுள் வரை என்று தண்டனையைச் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அப்புறம், "யார் போட்டதுன்னு நாங்க கேக்க மாட்டோம், கேமராவும் வைக்க மாட்டோம்" என்றார். அதைத்தான் கேட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் கோயில் பக்கம் துணி சுற்றிய துப்பாக்கிகள் கிடந்தன. வாக்குக் கொடுத்தபடியே யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்த அதிகாரியை நான் மனதார மதிக்கிறேன்.

ஓசூர், சிப்காட்

எங்கள் ஊரில் 2021 ஜனவரியில் பட்டப்பகலில் துப்பாக்கியோடு வந்த கும்பல் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் 25 கிலோ தங்கத்தை அள்ளிப் போனது. மறுநாளே ஐதராபாத் பக்கத்தில் பிடித்துவிட்டார்கள். அப்போது எங்கள் குடியிருப்பில் பலரும் கைத்துப்பாக்கி லைசென்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தோம். ஒரு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "உள்ள ஒருத்தர்கிட்ட துப்பாக்கி இருந்திருந்தா தங்கம் போயிருக்காதுன்னு நினைக்கறீங்க. நான் உள்ள நாலு பொணம் விழுந்திருக்கும்னு நினைக்கறேன். தங்கம் திரும்பி வந்துச்சு இல்ல" என்றார்.

என் மச்சான் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே போலீஸ்காரர்களின் எண்ணமே வேறு. பியூ ஆய்வு மையம் ஏறக்குறைய 8,000 போலீஸ்காரர்களிடம் கேட்டு 2017 ஜனவரியில் வெளியிட்ட கணக்கில், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் காப்பதுதான் முக்கியம் என்றவர்கள் 74 சதவீதம். பொதுமக்களில் அப்படிச் சொன்னவர்கள் 53 சதவீதம்தான். ராணுவப் பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்யலாம் என்ற போலீஸ்காரர்கள் 32 சதவீதம், பொதுமக்கள் 64. ஆனால் தனியார் விற்பனைக்கும் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்பதில் இரண்டு தரப்பிலும் பெரும்பான்மை ஒரே பக்கம்தான். இதை அந்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது ஆச்சரியப்படவில்லை. அங்கே துப்பாக்கி ஏற்கெனவே வீடுவீடாக இருக்கிறது, அதோடு வாழ்ந்துதான் அவர்கள் வேலை பார்க்க வேண்டும், நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை, வரவிடக் கூடாது என்றார். எனக்கும் அதே எண்ணம். லைசென்ஸ் மனுவை நான் போடவில்லை.

தேன்கனிக்கோட்டை விவசாயி

ஓசூர் தம்பி, நகரத்தில் அது சரி. பக்கத்தில் ஸ்டேஷன், ரோந்து, கேமரா எல்லாம் உண்டு. எங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? பாப்பாரப்பட்டி தங்கச்சி அப்பா சொன்ன வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்கிற அரசாங்கம் பன்றி தின்ற பயிருக்கு நஷ்ட ஈட்டைக் காலத்தோடு கொடுக்கட்டும், சோலார் வேலிக்கு உதவட்டும். இரண்டும் நடந்தால் நானே மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

மொரப்பூர், குடகில் வேலை

காபித் தோட்ட வேலைக்குக் குடகு போயிருக்கிறேன். அங்கே குடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். செப்டம்பரில் கைல்போத் பண்டிகைக்குத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்து வளர்ந்த பழக்கம் அது. ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது எங்கள் பக்கத்து வீட்டு ஏட்டய்யா, "அங்க தாத்தா கத்துக்குடுக்கறாரு, இங்க மொபைல் கத்துக்குடுக்குது" என்றார். இப்போது பையன்கள் துப்பாக்கியோடு வீடியோ போட்டு மாட்டுவது அதிகமாம்.

காவேரிப்பட்டணம்

எங்கள் தாத்தா பேரில் லைசென்ஸ் இருந்தது. அவர் தவறியதும் துப்பாக்கி வீட்டிலேயே கிடந்தது. சித்தப்பா ஒருவர் அதைத் தனக்கு வேண்டும் என்றார், பெரியப்பா தனக்கு என்றார். அம்மா யாரையும் கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு, லைசென்ஸ் புத்தகமும் இறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். துப்பாக்கியைக் கையில் எடுக்கவே இல்லை. எஸ்.ஐ.யிடம் விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒரு காவலரை அனுப்பி எடுத்துவரச் செய்தார். லைசென்ஸ்தாரர் இறந்தபின் சும்மா வீட்டில் வைத்திருந்தால் அதுவும் குற்றம்தான், நீங்கள் வந்தது நல்லது என்றார். வாரிசு யாராவது முறைப்படி மனு செய்யலாம், இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள டீலருக்கு விற்கலாம் என்று இரண்டு வழியும் சொன்னார். அம்மாவிடம் தனியாக, "எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒருத்தர் பேருக்குப் போகும், அவசரப்பட்டுப் போட்ராதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா இன்னும் போடவில்லை. டீலருக்கு விற்கலாம் என்றுதான் சொல்கிறார், சித்தப்பா அதற்குச் சம்மதித்துவிட்டார், பெரியப்பாவிடம் பேச வேண்டும். இதே நிலையில் யாராவது இருந்தால், ஒப்படைக்கும்போது துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை, தேதி மூன்றும் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டீலரிடம் விற்றவர்கள் யாராவது இருந்தால் கலெக்டர் ஆபீசில் எந்தப் பிரிவுக்குப் போனீர்கள் என்று எழுதுங்கள், எங்களுக்கு உதவியாக இருக்கும்.