ஜப்பான் வானிலைப் படம்: ரேடியோவில் சத்தம் வருது, திரையில் வெறும் கறுப்பு. யாராவது கை கொடுங்க

பீடோங் வயர்மேன்

வணக்கம். மலேசியா, கெடா, பீடோங்ல இருந்து எழுதுறேன். செம்பனை ஆலையில வயர்மேன் வேலை. கடல்னா எனக்குக் கோலக்கெடாவில இருந்து லங்காவி போற ஃபெரிதான், அதுலயும் ரெண்டு தடவை வாந்தி. இருந்தும் தைப்பூசம் முடிஞ்ச கையோட லங்காவியில இருந்து இலங்கை காலி வரைக்கும் ஒரு பாய்மரப் படகுல கூட வர ஒத்துக்கிட்டேன். படகுக்காரர் வயசான வெள்ளைக்காரர். “சாட்டிலைட் போன் இருக்கு, ஆனா அது செத்துட்டா ரேடியோதான். வானிலை உன் பொறுப்பு”ன்னுட்டார். வயர்மேன்னு சொன்னது தப்பாப் போச்சு.

கையில இருக்கிறது டெக்சன் பிஎல்-660 ஷார்ட்வேவ் ரேடியோ, பழைய லேப்டாப், அதுல ரேடியோ சத்தத்தைப் படமாவும் எழுத்தாவும் மாத்துற எஃப்எல்டிஜி மென்பொருள். ரேடியோ இயர்போன் ஓட்டையில இருந்து லேப்டாப் மைக்குக்கு வயர். வானிலைப் படத்தை ரேடியோவுல ஃபாக்ஸா அனுப்புற ஜப்பான் ஜேஎம்எச் நிலையத்தை 13988.5 கிலோஹெர்ட்ஸ்ல, யுஎஸ்பி (வயர் செருகுற ஓட்டை இல்ல, ரேடியோவோட மேல் பக்கப்பட்டை) போட்டுப் பிடிச்சேன். சத்தம் வருது. ஆனா எஃப்எல்டிஜியோட வெஃபாக்ஸ் (வானிலை ஃபாக்ஸ்) திரையில மேல இருந்து கீழ வரைக்கும் கறுப்பு, நடுநடுவுல எறும்பு ஊர்ற மாதிரி வெள்ளைப் புள்ளி. மூணு நாளா இதே கதை. ரேடியோ போயிருச்சா, வயரா, லேப்டாப்பா?

அலைவரிசை அண்ணன்

தம்பி, ரேடியோவைக் குப்பையில போட்டுடாதீங்க. ஒரே ஒரு கேள்வி. சத்தம் எப்படி இருக்கு? தேங்காய் துருவுற மாதிரி கீச்சுன்னு வெட்டுதா, இல்ல அடித்தொண்டையில தவளை உறுமுற மாதிரியா?

பீடோங் வயர்மேன்

தவளைதான் அண்ணே. ம்ம்ம்… ம்ம்ம்னு, வினாடிக்கு ரெண்டு தடவை விட்டு விட்டு.

அலைவரிசை அண்ணன்

அப்ப நிலையத்தைப் பிடிச்சிட்டீங்க, எண்தான் தப்பு. வினாடிக்கு ரெண்டுங்கிறது படத்தோட வரி. நிமிஷத்துக்கு 120 வரி போவும்.

அட்டவணையில போட்டிருக்கிறது நடு அலைவரிசை. ஃபாக்ஸ்ல கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300, நடு 1900. ரேடியோ முகப்புல நீங்க வைக்கிற எண், யுஎஸ்பியில அந்த நடுவுக்கு 1.9 கிலோஹெர்ட்ஸ் கீழ இருக்கணும். 13988.5 வேணும்னா 13986.6. ராத்திரி 7795-க்கு 7793.1. நேரா 13988.5 வெச்சா வெள்ளை 400 ஹெர்ட்ஸ்ல விழும், கறுப்பு வடிகட்டிக்கு வெளிய போயிரும். மென்பொருள் 1500-க்குக் கீழ எது வந்தாலும் கறுப்புன்னுதான் எடுத்துக்கும். உங்க தவளை அந்த 400 ஹெர்ட்ஸ்தான்.

உங்க ரேடியோ 1 கிலோஹெர்ட்ஸ் படியிலதான் நகரும். 13987-ல வெச்சு, பக்கத்துல இருக்கிற எஸ்எஸ்பி சக்கரத்தை (நுணுக்கமா அலைவரிசையை நகர்த்துறது) மெதுவா உருட்டுங்க. எஃப்எல்டிஜியில சத்தத்தோட அலைவரிசையைக் காட்டுற நீர்வீழ்ச்சித் திரையில ரெண்டு பளிச்சுக் கோடு 1500-லயும் 2300-லயும் உக்காந்ததும் கையை எடுத்துடுங்க. படம் ஆரம்பிக்கும்போது 300 ஹெர்ட்ஸ்ல அஞ்சு வினாடி ஒரு டொர்ர்ர் வரும், முடியும்போது 450. அதைக் கேட்டுட்டுத்தான் மென்பொருள் தானா கிளம்பும். பாதியில நுழைஞ்சீங்கன்னா கையாலதான் ஆரம்பிக்கணும், படத்தோட ஓரமும் நடுவுல வந்து நிக்கும். பயப்படாதீங்க.

நேரம்? அட்டவணை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்ம நேரத்துல எட்டு மணி கழிக்கணும்.

பீடோங் வயர்மேன்

அண்ணே, கோடு வந்துருச்சு! சாயங்காலம் நாலரைக்கு ஒண்ணு பிடிச்சேன். ஏதோ கரை தெரியுது. ஆனா ரெண்டு கஷ்டம். ஒண்ணு, படம் முழுக்க வலது பக்கம் சாய்ஞ்சு, பிசா கோபுரம் மாதிரி. ரெண்டு, மணலை அள்ளிப் போட்ட மாதிரி இரைச்சல். கொரியாவா ஜப்பானான்னே தெரியல.

ஈயக்குட்டை

சாய்ஞ்ச படத்தைப் பாக்க நீங்களும் சாய்ஞ்சு உக்காருங்க. படகுல எப்படியும் அப்படித்தான் உக்காரணும்.

அலைவரிசை அண்ணன்

ஈயக்குட்டை, போய் தே தாரேக் குடிச்சிட்டு வாங்க.

சாய்வு ரேடியோவோட தப்பு இல்ல, லேப்டாப் சவுண்ட் கார்டோட கடிகாரம் கொஞ்சம் பிசகி ஓடுது. பத்து லட்சத்துல 50 பங்கு பிசகினாலே போதும். ஒரு வரியில சுமார் 1810 புள்ளி, பத்து நிமிஷத்துல 1200 வரி, கடைசி வரி வர்றதுக்குள்ள நூறு புள்ளிக்கு மேல தள்ளிரும். எஃப்எல்டிஜியில சாய்வு திருத்துற எண் இருக்கு. ஒரு தடவை சரி பண்ணி எழுதி வெச்சுக்கங்க, அந்த லேப்டாப்புக்கு அது மாறாது.

இரைச்சலுக்கு, ரேடியோவை பேட்டரியில ஓட விட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைச்சுப் பாருங்க. லேப்டாப் சார்ஜரையும் கழட்டுங்க, அதுதான் முதல் திருடன்.

பீடோங் வயர்மேன்

மெயின் அணைச்சேன். உள்ள இருந்து அம்மா போட்ட சத்தம் 14 மெகாஹெர்ட்ஸ்ல கேட்டிருக்கும், சீரியல் பாதியில நின்னுருச்சு. ஆனா இரைச்சல் பாதிக்கு மேல இறங்கிருச்சு! அப்புறம் ஒவ்வொரு பிரேக்கரா ஏத்தினேன். ஐஸ்பெட்டி இல்ல. டிவி இல்ல. வைஃபை பெட்டி கொஞ்சம். ஹால் லைன் ஏத்தின உடனே பழையபடி மணல். தேடித் தேடிப் பாத்தா… சாமி மேடையில முருகனைச் சுத்திப் போட்டிருக்கிற எல்இடி மாலை. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில எட்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) நான்தான் வாங்கினேன். பிளக்கைக் கழட்டினதும் ரேடியோ ஊமை ஆன மாதிரி.

அம்மாகிட்ட எண்ணெய் விளக்கு ஏத்தச் சொல்லிட்டேன். “அதான் நான் அப்பவே சொன்னேன்”னாங்க. எப்பச் சொன்னாங்கன்னு தெரியல.

அலைவரிசை அண்ணன்

ஏரியலுக்கு உள்ளக் கம்பியை நம்பாதீங்க. பத்து மீட்டர் வயரைச் சன்னல் வழியா விட்டு மரத்துல கட்டுங்க. இடி கேட்டா உடனே கழட்டிரணும், ஐப்பசியில நம்ம பக்கம் மூணு மணிக்கு மேல இடி நிச்சயம். படகுல பின்பக்கக் கம்பிக்கயிறு இன்சுலேட்டர் போட்டதா இருந்தா அதுதான் நல்ல ஏரியல். சூத்திரம் சுலபம். பகல்ல பெரிய அலைவரிசை எண், ராத்திரி சின்ன எண்.

பாய்மரத்தான்

இப்பத்தான் இழையைப் பாத்தேன். லங்காவியில படகு வேலை பாக்கிறவன், அந்த வழியில ரெண்டு தடவை போயிருக்கேன். வேலை நல்லாப் பாத்திருக்கீங்க, ஆனா யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்லிடறேன். ஜேஎம்எச் படம் பழகுறதுக்கு அருமை. அது கிழக்கு ஆசியாவும் மேற்கு பசிபிக்கும். நீங்க போறது எதிர்ப் பக்கம். ஜப்பானுக்கு மேல இருக்கிற காற்றழுத்தத் தாழ்வு உங்களுக்கு வங்காள விரிகுடாவுல எதுவும் சொல்லாது. ஆஸ்திரேலியாவோட விஎம்டபிள்யூ ஃபாக்ஸ் நிலையத்து வரிசையில இந்தியப் பெருங்கடல் படம் உண்டு, அதுவும் தென்பாதிக்காரங்களுக்குத்தான் பிரயோசனம்.

இன்னொண்ணு, நாம போற ஆறு டிகிரி வடக்குல படத்துல அழுத்தக் கோடு (ஒரே காற்றழுத்தம் இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு) ரொம்பக் குறைவு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல அழுத்த வித்தியாசம் சின்னது, அதனால படம் வெறுமையா இருக்கும், காத்து மட்டும் அடிக்கும். மலாக்கா நீரிணையில விடியக்காலையில வர்ற ‘சுமத்ரா’ புயல்காத்து எந்த ஃபாக்ஸ்லயும் வராது. மேற்கே கறுப்பா ஒரு சுவர் தெரிஞ்சா பாயைச் சுருக்குறதுதான் முன்னறிவிப்பு. அது தென்மேற்குப் பருவத்து ஆள், தை மாசம் தொல்லை குறைவு.

அதனால கப்பல்களுக்குக் கடல் எச்சரிக்கையும் வானிலையும் அனுப்புற நேவ்டெக்ஸையும் பழகுங்க. 518 கிலோஹெர்ட்ஸ், எழுத்தா வரும், அதே எஃப்எல்டிஜி படிச்சிரும். பினாங்கு நிலையத்தோட அடையாள எழுத்து ‘யு’ (U), சென்னைக்கு ‘பி’ (P). கரையில இருந்து சில நூறு மைல்தான் எட்டும், நடுவுல சில நாள் ரெண்டும் கிடைக்காது. அந்த நாளுக்கு பாரோமீட்டர், காற்றழுத்தம் அளக்கிறது. மொத்தம் சுமார் 1,170 கடல் மைல், மணிக்கு அஞ்சு கடல் மைல் வேகத்துல ஓடினா பத்து நாள்.

பீடோங் வயர்மேன்

பாரோமீட்டர்னா கீழ இறங்கினா புயல், அவ்வளவுதானே அண்ணே?

பாய்மரத்தான்

இல்ல தம்பி, அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. வெப்பக் கடல்ல அழுத்தம் தினமும் தானா மூச்சு விடும். காலை பத்து, ராத்திரி பத்துக்கு ஏறும், விடியக்காலை நாலு, சாயங்காலம் நாலுக்கு இறங்கும். ரெண்டு மூணு ஹெக்டோபாஸ்கல். நாலு மணிக்கு இறங்குதேன்னு பதறக் கூடாது. மணிக்கு ஒரு தடவை எழுதி வைங்க, நேற்று இதே நேரம் என்னன்னு பாருங்க. அந்த மூச்சைக் கழிச்ச பிறகும் அந்த மாசத்துச் சராசரியை விட மூணு கீழ இருந்தா உஷார். அஞ்சு கீழன்னா பக்கத்துல சூறாவளின்னே வெச்சுக்கிட்டு விலகுங்க. அந்த ஏத்த இறக்கமே நின்னு போனாலும் சந்தேகப்படணும்.

இப்பவே வீட்டுல ஆரம்பிங்க. பீடோங்லயும் அதே மூச்சுதான்.

பீடோங் வயர்மேன்

மூணு நாள் எழுதிட்டேன். போன்ல இருக்கிற பாரோமீட்டர்தான். நேத்து காலை பத்துக்கு 1011.8, சாயங்காலம் நாலுக்கு 1008.6, ராத்திரி பத்துக்கு 1011.1. நடுவுல நல்ல மழை, அதுக்கு அது அசையவே இல்ல.

இன்னைக்கு விடியக்காலை மூணேமுக்காலுக்குப் பால்மரத்துல வயரைக் கட்டி 7793.1 வெச்சேன். படம் நேரா வந்தது. ஹொக்கைடோ, அதுக்குக் கிழக்க ஒரு தாழ்வு, சுத்தி நெருக்கமாக் கோடு, எண்ணினா எட்டு. ஓரமா ஒரு ‘டி’ எழுத்து இருக்கு, அது என்னன்னு கேக்கலாம்னு பாத்தா அதுக்குள்ள வேலைக்குச் சங்கு ஊதிட்டாங்க. சாயங்காலம் வந்து படத்தைப் போடுறேன்.

ஈயக்குட்டை

தேங்காய் துருவுற சத்தத்தையும் சேத்துப் போடுங்க. எங்க வீட்டுல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதான்னு பாக்கணும்.