உப்பு கரைச்ச வெப்பக் கணக்கு: புக்ல மோலுக்கு +34.9 கிலோஜூல், எனக்கு மைனஸ் 2.87. எங்க தப்பு?

கேள்வி:
நாளைக்கு ரெக்கார்ட் வைக்கணும், யாராச்சும் பாருங்க. 100 மிலி தண்ணில 10.1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டு கலக்குனேன், 28.0 டிகிரி இருந்தது 21.2க்கு எறங்கிடுச்சு, பீக்கர் வெளிப்பக்கம் வேர்த்தே போச்சு. எம் சி டெல்டா டி (மாஸ் × தன்வெப்பம் × டெம்பரேச்சர் வித்தியாசம்) ஃபார்முலால 10.1 × 4.18 × 6.8 போட்டா 287 ஜூல், 10.1 கிராம்னா 0.1 மோல், அதால வகுத்தா மோலுக்கு 2.87 கிலோஜூல். டெம்பரேச்சர் கொறஞ்சதால மைனஸ் போட்டேன். கெல்வின்ல மாத்தணுமோன்னு 6.8 கூட 273 கூட்டிப் பாத்தேன், அது இன்னும் கேவலம்.

பதில் 1:
அய்யோ 273 வேணாம் தம்பி, வித்தியாசம் செல்சியஸ்லயும் கெல்வின்லயும் ஒண்ணுதான். தப்பு மாஸ்ல. தெர்மாமீட்டர் எதுக்குள்ள நிக்குது? மொத்தக் கரைசல்ல. அப்ப குளிர்ந்ததும் அந்த 110.1 கிராமும்தான். 110.1 × 4.18 × 6.8, சுமார் 3130 ஜூல், மோலுக்கு 31.3 கிலோஜூல். சைன் விஷயம், தண்ணி இழந்த வெப்பத்த உப்பு கரையுறப்ப வாங்கிக்கிச்சு, நாம எழுதுறது உப்போட கணக்கு, அதனால பிளஸ்.

பதில் 2:
எங்களுக்கு தண்ணி 100 கிராம் மட்டும் எடுக்கத்தான் சொல்லிக்குடுத்தாங்க, 28.4 வருது.

பதில் 1:
அப்படியும் போடுறாங்க. ஒரு கிராம் உப்புன்னா வித்தியாசமே தெரியாது, 10 கிராம்னா விடைல பத்து சதவீதம் அடிபடும். எத எடுத்தீங்கன்னு ரெக்கார்ட்ல ஒரு வரி எழுதிடுங்க.

கேட்டவர்:
31.3 வந்துருச்சு, நன்றிண்ணா. மிச்சம் 3.6 எங்க போச்சு?

பதில் 3:
பீக்கர் வேர்த்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கண்ணாடியும் சேந்து குளிர்ந்திருக்கு, அந்த வெப்பம் உங்க கணக்குல இல்ல. உப்ப கட்டியா போட்டீங்களா? கரைய நேரம் இழுத்தா அதுக்குள்ள ரூம் சூடு உள்ள வந்துரும், டெம்பரேச்சர் முழுசா எறங்காது. நல்லா பொடிச்சுட்டு, பீக்கருக்குப் பதிலா தெர்மோகோல் கப்ல மூடி போட்டு செய்ங்க. 30 செகண்டுக்கு ஒரு ரீடிங் எடுத்து கிராஃப் போட்டு, திரும்ப ஏறுற கோட்ட உப்பு போட்ட நேரம் வரைக்கும் பின்னாடி நீட்டுனா உண்மையான டெல்டா டி கிடைக்கும்.

கேட்டவர்:
கட்டிதாண்ணா, அடில மணல் மாதிரி ரொம்ப நேரம் நின்னுச்சு. இப்ப பொடிச்சு கப்ல செஞ்சேன், கிராஃப்ல 20.6 வருது, டெல்டா டி 7.4, அப்ப +34.1. இதையே எழுதிக்கிறேன்.