கேமரா மவுண்ட்ல தண்ணி பட்டுடுச்சு, கிம்பல் ஓவர்லோட்னு வருது, அவசரம்

ஹெப்பால்_வானம் · செவ்வாய், இரவு 9.40
ட்ரோன் கேமராவை ஆடாம பிடிச்சிருக்கற கிம்பல் மவுண்ட்ல தண்ணி பட்டுடுச்சு. ஆன் பண்ணினா கேமரா ரெண்டு தடவை நடுங்கிட்டு தலைய தொங்கப் போட்டுடுது. ஆப்ல கிம்பல் மோட்டார் ஓவர்லோட்னு வருது. ஒரு ராத்திரி அரிசிக்குள்ள வெச்சேன், ஒண்ணும் மாறல. சர்வீஸ்ல முழு கிம்பலும் மாத்தணும்ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு ஷூட் ஒத்துக்கிட்டேன். வீட்டுலயே சரி பண்ண வழி இருக்கா? சீக்கிரம் சொல்லுங்க.

அல்சூர்_மணி · 9.52
எந்த மாடல்னு சொல்லலையே. பட்டது குழாய்த் தண்ணியா, மழையா, ஏரித் தண்ணியா? அப்போ பேட்டரி உள்ள இருந்ததா? அதுக்கப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணீங்க? ஆப்ல லைவ் வீடியோ வருதா? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் ஊகம்தான். முதல்ல பேட்டரியையும் மெமரி கார்டையும் வெளிய எடுங்க. இனிமே பரிசோதனைக்குன்னுகூட ஆன் பண்ணாதீங்க.

எஸ்பிரோட்_பாபு · 10.05
ரிப்பன், அதான் கிம்பலுக்குள்ள மடிஞ்சு போற தட்டைக் கம்பி, அதுதான் போயிருக்கும் ப்ரோ. நடுங்கிட்டு ஓவர்லோட்னு வந்தா பத்துக்கு எட்டு ரிப்பன். நேரா பெங்களூரு எஸ்பி ரோட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் வாங்க, ரிப்பன் வாங்கி மாத்துங்க, வேலை முடிஞ்சது.

சர்க்யூட்_சாமி · 10.20
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பாக்கற பழக்கம் யாருக்கும் இல்ல. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (ஐபிஏ), ஒரு மிருதுவான பிரஷ், அவ்வளவுதான். அரிசியில போடறது எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவங்க வேலை. ட்ரோனைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி இந்த அடிப்படை தெரிஞ்சிருக்கணும்.

ஹெப்பால்_வானம் · 10.48
டிஜேஐ மினி 2. வீடியோ வருது. பேகுக்குள்ள இளநீர் பாட்டில் கவுந்துடுச்சு, போன ஞாயித்துக்கிழமை காலையில. பேட்டரி உள்ளதான் இருந்தது. துடைச்சுட்டு மதியம் ஆன் பண்ணேன், அப்புறம் ஒரு நாலஞ்சு தடவை. ஐபிஏ இல்ல, கை சானிடைசர் இருக்கு, அது போதுமா?

ஃப்ளெக்ஸ்_கலா · 11.15
தம்பி, சானிடைசர் வேண்டாம். அதுல கிளிசரினும் ஜெல்லும் இருக்கும். ஆல்கஹால் பறந்து போனதும் பிசுக்கு மட்டும் சர்க்யூட் பலகையில தங்கிடும்.

தண்ணின்னு எழுதிட்டு இப்போ இளநீர்ங்கறீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. இளநீர்ல சர்க்கரையும் பொட்டாசியம் உப்பும் இருக்கு, அதனால மின்சாரத்தை நல்லாவே கடத்தும். மினி 2 பேட்டரி 7.7 வோல்ட். தண்ணிய மின்சாரத்தால பிரிக்க 1.23 வோல்ட் போதும். ஆகவே ஈரத்தோட ஆன் பண்ணின ஒவ்வொரு தடவையும் பாசிட்டிவ் பக்கத்துச் செம்புத் தடம் கரைஞ்சிருக்கும். ரிப்பன்ல அந்தத் தடம் முடியைவிட மெல்லிசு, முதல்ல அறுந்து போறது அதுதான். அரிசி வெளிக்காத்துல இருக்கற ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும். கனெக்டர் அடியில காஞ்சு நிக்கற உப்பை அது ஒண்ணும் பண்ணாது, மாவுத்தூசிதான் பேரிங் பக்கம் சேரும்.

நேரா ஐபிஏ போட்டா பாதி வேலைதான் ஆகும். உப்பும் சர்க்கரையும் 99 சதவீத ஐபிஏல சரியா கரையாது, தண்ணியிலதான் கரையும். அதனால முதல் கழுவல் டிஸ்டில்ட் வாட்டர்ல. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தறாங்களே, அதேதான், எந்த பேட்டரிக் கடையிலயும் கிடைக்கும். குழாய்த் தண்ணியோ போர் தண்ணியோ கூடாது, அதோட உப்பு தனியா சேர்ந்துடும்.

மூடியைக் கழட்டறப்போ திருகுகளை எடுத்த வரிசையிலயே ஒரு தாள்ல ஒட்டி வைங்க. நீளம் வேறவேற, மாத்திப் போட்டா பலகையைக் குத்தும். ரிப்பன் கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால நேரா மேல தூக்குங்க. சாய்ச்சு இழுத்தா பலகையில இருக்கற கனெக்டரோட மறுபாதி பெயர்ந்துடும். கேமரா உருண்டையைப் பாலித்தீன்ல சுத்தி டேப் ஒட்டி, லென்ஸ் மேல பார்க்கற மாதிரி பிடிச்சுக்கோங்க. லென்ஸுக்குள்ள ஈரம் போனா கறை விழும், அதை வீட்டுல எடுக்க முடியாது.

ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சுல டிஸ்டில்ட் வாட்டரை எடுத்துக் கனெக்டர், மோட்டார் இடுக்கு, ரிப்பன் மடிப்பு எல்லாத்துலயும் மெல்ல விடுங்க. குழந்தைங்க டூத்பிரஷ்ஷால ஒத்தி எடுங்க, தேய்க்க வேண்டாம். 200 மில்லி வரைக்கும் தாராளமா செலவு பண்ணுங்க. வழியற தண்ணிய விரல்ல தொட்டுப் பாருங்க, பிசுபிசுப்பு இருக்கற வரைக்கும் நிறுத்தாதீங்க. அப்புறம் அதே இடங்கள்ல 99 சதவீத ஐபிஏ, ரெண்டு சுற்று. அது மிச்சத் தண்ணியைத் தள்ளிக்கிட்டு தானும் பறந்துடும். ஜன்னலைத் திறந்து வைங்க. அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்துல எரியக் கூடாது. டேபிள் ஃபேன் முன்னாடி 24 மணி நேரம், அப்புறம் மூடின டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட ஒரு ராத்திரி. ஹேர் டிரையர் கூடவே கூடாது, ரிப்பனைப் பிடிச்சிருக்கற பசை இளகிடும்.

சர்க்யூட்_சாமி · 11.40
ஏற்கனவே ஈரம் பட்ட பொருள் மேல இன்னும் தண்ணி ஊத்தச் சொல்றீங்க. இது ஆபத்தான ஆலோசனை. எல்லா ரிப்பேர் பெஞ்சுலயும் ஐபிஏதான் இருக்கும்.

ஃப்ளெக்ஸ்_கலா · 11.58
ஐபிஏ இருக்கறது சரிதான் சாமி சார். சால்டர் ஃப்ளக்ஸ், எண்ணெய்க் கறை, வெறும் தண்ணி இதுக்கெல்லாம் அது போதும். சந்தேகம் இருந்தா ஒரு கண்ணாடித் துண்டுல இளநீர் ஒரு சொட்டு விட்டுக் காய வைங்க. ஐபிஏ தொட்ட பஞ்சால ஒத்திப் பாருங்க, பிசுக்கு போகாது. ஈரப் பஞ்சுல உடனே போயிடும். பேட்டரி வெளிய இருக்கும்போது சுத்தமான தண்ணியால பலகைக்குக் கெடுதல் இல்ல. ஈரமும் உப்பும் மின்சாரமும் ஒண்ணா சேர்ந்தாத்தான் அரிப்பு.

அல்சூர்_மணி · புதன், காலை 7.10
கலா அக்கா சொன்னபடி கழுவிக் காயவெச்சுட்டு அளக்க ஆரம்பிங்க. வீடியோ வருதுன்னா கேமரா பலகையும் சிக்னல் கம்பிக் கட்டும் உயிரோட இருக்கு, அதைத் தொடாதீங்க. நடுங்கி விழறதுன்னா மூணு அச்சுல (பிட்ச் மேல கீழ சாயறது, ரோல் பக்கவாட்டுல சாயறது, யா இடம் வலம் திரும்பறது) ஏதோ ஒண்ணு மாட்டிக்குது. பவர் இல்லாம ஒவ்வொரு அச்சையும் விரல் நுனியால நகர்த்திப் பாருங்க. எங்கயாவது மணல் அரைக்கற மாதிரி இருந்தா பேரிங். மூணும் வழுவழுன்னு போனா கோளாறு மின்பக்கம்.

மல்டிமீட்டரைக் குறைஞ்ச ஓம் அளவுல வைங்க. ரெண்டு முனையையும் ஒண்ணா தொட்டு வர்ற எண்ணைக் குறிச்சுக்கோங்க, எல்லா அளவுலயும் அதைக் கழிக்கணும். ஒவ்வொரு மோட்டாருக்கும் மூணு கம்பி, அதாவது மூணு ஜோடி. மூணு ஜோடியும் ஒரே அளவு காட்டணும், மோட்டார் உடம்போட எதுவும் தொடர்பு காட்டக் கூடாது. ரெண்டு ஜோடி திறந்து ஒரு ஜோடி மட்டும் அளவு காட்டினா, அந்த ரெண்டுக்கும் பொதுவான கம்பி அறுந்திருக்கு. அடுத்து மோட்டார் அடியில இருக்கற சால்டர் புள்ளியிலயே அளங்க. அங்க மூணும் சரியா வந்தா மோட்டார் நல்லாயிருக்கு, ரிப்பன்தான் பாக்கி. இடையில மோட்டாரை ஓட்டற டிரைவர் பலகை இருந்தா, பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவுல வர்ற ரிப்பனை மட்டும் கழட்டி அளக்கணும். ரிப்பனை அளக்கறப்போ மெதுவா மடக்கி விரிங்க. வெடிப்பு மடிப்புலதான் திறக்கும், நேரா வெச்சா நல்ல ரிப்பன் மாதிரியே காட்டும்.

எஸ்பிரோட்_பாபு · 9.30
அதான் முதல்லயே சொன்னேன், ரிப்பன்.

கோரமங்களா_ரோட்டார் · 10.15
ரிப்பனுக்கு எங்க போவார்? ட்ரோன் இறக்குமதியையே தடை பண்ணியாச்சு. உதிரிபாகமும் வராது. இருக்கறதெல்லாம் திருட்டுச் சரக்கு.

எஸ்பிரோட்_பாபு · 10.22
திருட்டுச் சரக்குன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. நேர்மையா கடை வெச்சிருக்கறவங்க படிப்பாங்க.

அல்சூர்_மணி · 10.50
2022 பிப்ரவரி 9 அன்னிக்கு வந்த மத்திய அரசு அறிவிப்பு முழு ட்ரோனுக்கும், பாதி பிரிச்சது, முழுசா பிரிச்சது இதுக்கும்தான் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு வேலைகளுக்கு மட்டும் அனுமதியோட விலக்கு. உதிரிபாகத்துக்கு அனுமதியே தேவையில்லன்னு அதே அறிவிப்புல இருக்கு. ரிப்பன் உதிரிபாகம்.

கோரமங்களா_ரோட்டார் · 11.05
காகிதத்துல அப்படி இருக்கலாம். சரக்கு சுங்கத்துல நின்னா வாங்கறவங்களுக்குத்தான் நாள் போகுது. அதோட ஹெப்பால்ங்கறார். வடக்குல ஜக்கூர் விமான தளம், அதையும் தாண்டினா எலஹங்கா விமானப்படைத் தளம். சரி பண்ணிட்டு மொட்டை மாடியில பறக்கவிட்டா அதுக்கு யார் பொறுப்பு?

ஃப்ளெக்ஸ்_கலா · 11.20
அது நியாயமான கேள்வி. 250 கிராமுக்குள்ள இருக்கற நானோவுக்கு 2021 ட்ரோன் விதிகள்படி பைலட் உரிமம் வேண்டாம், ஆனா பறக்கற மண்டலக் கட்டுப்பாடு எடைக்கு விலக்கு தராது. தம்பி, எங்க பறக்கலாம்னு காட்டற அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காம வெளிய எடுக்காதீங்க. கிம்பலைச் சோதிக்கப் பறக்கவே வேண்டாம்.

ஹெப்பால்_வானம் · வியாழன், இரவு 8.35
கழுவினேன். கனெக்டர்ல பச்சையா படிவு இருந்தது, போயிடுச்சு. பிட்ச், யா ரெண்டும் மூணு ஜோடியும் ஒரே அளவு. ரோல்ல ஒரு ஜோடி மட்டும் காட்டுது. மோட்டார் அடியில மூணும் சரி. கையில மூணு அச்சும் வழுவழுன்னு இருக்கு. அறுந்த தடத்துல சால்டர் வெச்சு ஒட்டலாமா?

சர்க்யூட்_சாமி · 8.50
அளவு தெளிவா இருக்கு, ரிப்பன்தான். அசையற இடத்துல சால்டர் ஒட்டு நிக்காது. ஒட்டின இடம் விறைச்சுப் போய், அதுக்குப் பக்கத்துல மறுபடி உடையும். அசையாத நேர்ப்பகுதியில அறுந்திருந்தா மட்டும் மெல்லிசு எனாமல் கம்பி வெச்சுப் பாலம் போடலாம். இளநீர் விஷயத்துல முதல் கழுவல் தண்ணின்னு கலா சொன்னது சரி, கண்ணாடியில வெச்சுப் பார்த்தேன்.

அல்சூர்_மணி · 9.20
புது ரிப்பன் வாங்கறப்போ பழசைக் கையோட கொண்டு போய் மடிப்பு, துளை, கனெக்டர் எல்லாத்தையும் மேல வெச்சு ஒத்துப் பாருங்க. மினி வரிசையில பார்க்க ஒரே மாதிரி ரெண்டு மூணு இருக்கும். முழு கிம்பல் வாங்காதீங்க. உங்க கேமராவும் அதோட சென்சாரும் நல்லாயிருக்கு. வேற கேமராவோட வர்ற கிம்பலைப் போட்டா ஆப்ல இருக்கற கேலிபரேஷன் (கிம்பல் நிலையைச் சரிபண்ற வசதி) போதாம அடிவானம் சாய்ஞ்சே நிக்கலாம்.

போடறப்போ பழைய ரிப்பன் எந்தப் பக்கம் சுத்தி வந்ததோ அதே பக்கம் சுத்தணும், அதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வைங்க. ஒரு சுத்து கூடினாலும் ரிப்பன் கிம்பல் கையை இழுக்கும், மோட்டார் அதை எதிர்த்து இழுக்கும், திரும்ப ஓவர்லோட்தான் வரும். நல்ல ரிப்பனைப் போட்டும் சரியாகலன்னு பலர் கைவிடறது இந்த இடத்துலதான். மூடறதுக்கு முன்னாடி கையால பிட்ச்சைக் கீழ 110, மேல 35 பாகை வரைக்கும், ரோலை ரெண்டு பக்கமும் 35, யாவை 20 வரைக்கும் நகர்த்துங்க. எந்த இடத்துலயும் ரிப்பன் முறுக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. அதிர்வைத் தாங்கற டாம்பர் ரப்பர் தன் துளையில முழுசா உட்கார்ந்திருக்கான்னும் பாருங்க.

அப்புறம் புரொப்பல்லரைக் கழட்டி, கிம்பல் கவரை எடுத்துட்டு, சமமான மேசையில வெச்சு ஆன் பண்ணி ஆப்ல கிம்பல் கேலிபரேஷன் ஓட்டுங்க. முடியற வரைக்கும் மேசையைக்கூடத் தொடாதீங்க. முடிஞ்சதும் கையில எடுத்து மெதுவா சாய்ங்க, படம் அசையாம நிக்கணும். எதிர்ல ஒரு ஃபேன் ஓடட்டும். பறக்காம நின்னா காத்து இல்லாம சூடேறும், பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

எஸ்பிரோட்_பாபு · 9.41
வெள்ளிக்கிழமை வாங்க, ஒத்துப் பார்த்து எடுத்துத் தர்றேன்.

ஹெப்பால்_வானம் · சனி, இரவு 10.12
ரிப்பன் மாத்தியாச்சு. முதல் தடவை ஓவர்லோட் வந்தது, ஒரு சுத்து அதிகமா போட்டிருந்தேன். சரி பண்ணினதும் நிக்குது, கேலிபரேஷன் முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி.

ஃப்ளெக்ஸ்_கலா · 10.20
சந்தோஷம் தம்பி. பேட்டரி முனையில இளநீர் பட்டிருந்ததா? பட்டிருந்தா அதைச் சார்ஜ் போடாதீங்க, நாளைக்கு வேற பேட்டரி எடுத்துட்டுப் போங்க. சந்தேகப் பேட்டரியைப் பால்கனியில மண்சட்டிக்குள்ள தனியா வைங்க. எந்த பேட்டரி போட்டு ஆன் பண்ணீங்க, அதே பழசா?

ஃப்ளெக்ஸ்_கலா · ஞாயிறு, காலை 6.05
தம்பி, கிளம்பறதுக்கு முன்னாடி பேட்டரி விஷயம் மட்டும் சொல்லுங்க.