கோஹார்ட்டுக்கு ‘ஆய்வுத்திரள்’: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

பொதுவான ஓர் அனுபவமோ இயல்போ கொண்டதால் ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டு, நெடுங்காலம் பின்தொடர்ந்து ஆராயப்படும் மக்கள் தொகுதியே ‘கோஹார்ட்’ (cohort). இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘கண்காணிப்புக் குழு’, அதையடுத்து வந்த ‘அணி’ ஆகிய இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களைப் பற்றிய ஆயுட்கால ஆய்வை உரைகல்லாகக் கொண்டால், நமக்கு வேண்டிய சொல் எதைச் சுமக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

1950ஆம் ஆண்டு ஜப்பானிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி நடந்த துணைக் கணக்கெடுப்பில், குண்டுவீச்சுக்குத் தப்பியவர்களாக ஏறத்தாழ 2,84,000 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 94,000 பேரும், குண்டு விழுந்தபோது நகரில் இல்லாதிருந்த ஏறத்தாழ 27,000 பேரும் இன்று இவ்வாய்வின் பட்டியலில் உள்ளனர். ஒருவர் ஜப்பானில் எங்குக் குடிபெயர்ந்தாலும் ‘கொசெகி’ என்னும் குடும்பப் பதிவேட்டின் வழியே அவருடைய இறப்பை அறிய முடிகிறது. இறப்புச் சான்றிதழ் அதன் காரணத்தைத் தருகிறது. குழுவிலோ அணியிலோ ஒருவர் இறந்தால் அவர் உறுப்பினராக இருப்பது அத்துடன் முடிகிறது. இங்கோ, இறந்தவர் எந்த வயதில், எந்த நோயால், எவ்வளவு கதிரேற்புடன் (உடல் ஏற்ற கதிர்வீச்சின் அளவுடன்) இறந்தார் என்பதே ஆய்வின் தரவாதலால், அவர் பட்டியலைவிட்டு நீங்குவதே இல்லை. இரத்தப் புற்றுநோய் குண்டுவீச்சுக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மிகத் தொடங்கி, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் உச்சம் தொட்டது என்பதையும், நுரையீரல், மார்பகம், இரைப்பை முதலிய உறுப்புகளின் திண்மப் புற்றுநோய்கள் ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தே மிகுந்தன என்பதையும் பிரித்தறிய வேண்டுமானால், எத்தனை பேருள் எத்தனை பேர் என்னும் கணக்கின் அடித்தொகை மாறாமல் நிற்க வேண்டும்.

‘கண்காணிப்புக் குழு’வில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் செய்தித்தாள்களில் அது கண்காணிக்கும் அலுவலர்களையே குறிக்கும், கண்காணிக்கப்படுபவர்களை அன்று. 1947இல் பணியைத் தொடங்கி, பின்னர் இவ்வாய்வையும் மேற்கொண்ட அமெரிக்க அணுகுண்டுப் பாதிப்பாளர் ஆணையம் தங்களைப் பரிசோதிக்கிறதே தவிரச் சிகிச்சை அளிப்பதில்லை என்று தப்பியவர்கள் நெடுங்காலம் குறைகூறினர். (அதன் பணியை 1975 முதல் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து நிதியளிக்கும் கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு அறக்கட்டளை தொடர்கிறது.) ஆய்ந்தவரையும் ஆயப்பட்டவரையும் இடம்மாற்றிக் காட்டும் சொல்லை அவ்வரலாற்றின்மேல் ஏற்றுவது முறையாகாது.

‘அணி’யை முன்மொழிந்தவர் மூலச்சொல் ரோமானியப் படைப்பிரிவைக் குறித்தது என்கிறார். உண்மைதான், ஆயினும் நோய்ப்பரவலியலில் அப்பொருளுக்கு வேலையில்லை.

ஆகவே ‘ஆய்வுத்திரள்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘மக்கள்திரள்’ போல இதுவும் கூட்டுப்பொருள் தருகிறது. உறுப்பினர் பொறுப்பு, தலைமை, கூட்டம் கூடுதல் ஆகிய சாயல்கள் இதில் இல்லை. ‘பிறப்புத்திரள்’, ‘மூடிய திரள்’ (பின்னர் யாரும் புதிதாகச் சேராதது), ‘திரள்தொடர் ஆய்வு’ எனக் கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் ‘ஹிபாகுஷா’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு மாற்றாக மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். அது 1957ஆம் ஆண்டுச் சட்டம் முதல் மருத்துவ உதவிக்கான தகுதியோடு பிணைந்த பெயர். குண்டு விழுந்தபின் இரண்டு வாரங்களுக்குள் மையப்பகுதிக்குச் சென்றவர்களும் அதில் அடங்குவர்.

ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. 1945 ஆகஸ்ட் முதல் 1950 வரை இறந்தவர்கள் ஆயுட்கால ஆய்வின் திரளுக்குள் வரவே இல்லை. ஆய்வு முடிவுகளைப் படிக்கும் எவரும் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய வரம்பு இது. கதிரேற்பு நிகழ்ந்த நாளிலிருந்து வேறுபடுத்தி, பின்தொடர்தல் தொடங்கும் நாளைத் ‘திரட்டல் நாள்’ எனலாமா, ‘திரளமைவு நாள்’ எனலாமா? முன்னது பொருட்களைச் சேகரிப்பதுபோல் ஒலிப்பதால் பின்னதையே நான் விரும்புகிறேன். புள்ளியியல் அறிந்த நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.