காக்கச் சொல்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர்: பழைய கட்டடங்களை என்ன செய்வது?

வழிப்போக்கன்:
எந்த நகரமானாலும் நடப்பது ஒன்றுதான். நடு ஊரில் நூறு வருடக் கட்டடம் நிற்கும். "பாழடைந்தது, நெருங்காதே" என்று பலகை தொங்கும். கொஞ்ச நாளில் அங்கே அஸ்திவாரம் தோண்டியிருப்பார்கள். இதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. நியூயார்க்கில் 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் விளையாட்டரங்கமும் அலுவலகக் கட்டடமும் எழும்பின, பயணிகள் தாழ்ந்த கூரையுள்ள நிலத்தடிக்குப் போனார்கள். மக்கள் கொதித்த பிறகுதான் 1965-இல் நகரத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாமும் அப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கணக்குப்புலி:
கொஞ்சம் பொறுங்கள் நண்பரே. பாரிஸ் பாரிஸ் என்று எல்லோரும் உருகுகிறோமே, அந்த அகலச் சாலைகள் எப்படி வந்தன? 1853-இல் தொடங்கி 1870 வரை ஓஸ்மான் என்ற அதிகாரி பழைய சந்துகளையும் வீடுகளையும் இடித்துத் தள்ளித்தான். அன்றைக்கே யாராவது தடையாணை வாங்கியிருந்தால், இன்று நீங்கள் காக்கச் சொல்லும் பாரிஸே கிடையாது. இன்னொன்று, வேலையும் ரயிலும் இருப்பது நகரத்தின் நடுவில். அங்கே இரண்டு மாடிக்கு மேல் கட்டாதே என்றால் வாடகை ஏறத்தான் செய்யும். அதனால் லாபம் ஏற்கெனவே அங்கே சொத்து வைத்திருப்பவருக்கு. புதிதாகப் பிழைக்க வருகிறவர் ஊர் எல்லைக்கு வெளியே போக வேண்டியதுதான்.

சுண்ணாம்புச்சாந்து:
பழைய கட்டடம் பழுது பார்ப்பதுதான் என் தொழில், அதனால் அந்த ஆபத்துப் பலகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆபத்து தானாக வருவது குறைவு, வரவழைப்பதுதான் அதிகம். மொட்டைமாடியில் மழைநீர்க் குழாய் இலைதழையால் அடைத்துக்கொள்ளும், யாரும் அள்ள மாட்டார்கள். தேங்கிய தண்ணீர் சுவருக்குள் இறங்கி, உத்தரத்தின் முனை அழுகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்புறம் யாராவது வந்து "பலப்படுத்துகிறேன்" என்று சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடவும் செய்யும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே உப்பு பூத்துச் செங்கல் மாவாக உதிரும். பூச்சை விரலால் தட்டினால் டொப்பென்று வெற்றுச் சத்தம் கேட்கும். அந்த நிலைக்கு வந்த பிறகு, "தாங்காது" என்று எழுதித் தர ஒரு பொறியாளர் கிடைக்காமலா போவார்? இடித்துக் கட்டுவதற்கும் சிமெண்ட்தான். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. கணக்குப்புலி அதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

வாரிசு:
சார், நீங்கள் சொல்லும் இலையை அள்ள வேண்டியவன் நான்தான். தாத்தா வீடு, பங்காளிகள் பலர். வீடு பாரம்பரியப் பட்டியலில் ஏறியது எங்களுக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். இடிக்கக் கூடாது, ஜன்னலை மாற்றக் கூடாது, ஓடு மாற்றக்கூட அனுமதி. விண்ணப்பம் போட்டால் பதில் வரவே மழைக்காலம் முடிந்துவிடுகிறது. வெளியே நின்று போட்டோ எடுப்பவர்களுக்கு வீடு அழகு, எங்களுக்குச் செலவு. வாங்க வருகிறவர்களும் பட்டியல் என்றதும் பாதி விலை பேசுகிறார்கள். ஊருக்குப் பெருமை என்றால் ஊரும் கொஞ்சம் சுமக்கட்டுமே.

வழிப்போக்கன்:
வாரிசு சொல்வது நியாயம். வழியும் இருக்கிறது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு மேல் அடுக்குமாடிக் கோபுரம் எழுப்ப உரிமையாளர் கேட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் நகரத்தின் பக்கம் தீர்ப்பு. ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அங்கே கட்ட முடியாத மாடிகளுக்கான உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள ஏற்பாடு இருந்தது. பழையதும் நிற்கும், புது மாடிகளும் வரும்.

கணக்குப்புலி:
பக்கத்து மனைக்குக் கிராக்கி இருக்கும் இடத்தில் அது சரி. கிராக்கி இல்லாத தெருவில் அந்த உரிமைப் பத்திரத்தை யார் வாங்குவார்? இடிப்பதெல்லாம் பேராசை என்பதும் தப்பு. டோக்கியோவின் நாககின் கேப்ஸ்யூல் கோபுரம் 1972-இல் கட்டியது, 140 பெட்டி அறைகள். 25 வருடத்துக்கு ஒருமுறை பெட்டிகளை மாற்றுவதாகத் திட்டம், ஒன்றைக்கூட மாற்றவில்லை. கட்டடக்கலை ரசிகர்கள் உலகம் பூராவும் குரல் கொடுத்தார்கள், பராமரிப்புக்குப் பணம் மட்டும் சேரவில்லை. 2022-இல் கழற்றிவிட்டார்கள். சில பெட்டிகளை அருங்காட்சியகத்துக்கும் பிறருக்கும் கொடுத்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

சுண்ணாம்புச்சாந்து:
எதிர்க்கதை ஒன்று. லண்டனில் யூஸ்டன் நிலையத்து வளைவை 1960-களின் தொடக்கத்தில் இடித்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்துக்கும் அதே கதி நெருங்கியது, 1967-இல் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். அதன் முகப்பில் இருந்த ஹோட்டல், அறைகளோடு குளியலறை இல்லாததால் காலாவதியாகி 1935-இலேயே மூடியது. எல்லோரும் கைகழுவிய கட்டடம். 2007-இல் ஐரோப்பாவுக்குப் போகும் அதிவேக ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்பின, 2011-இல் ஹோட்டலும் திறந்தது. உபயோகம் வரும்வரை கட்டடம் நின்றிருந்தால் போதும்.

வாரிசு:
உபயோகம் வந்தால் மட்டும் போதாது. பினாங்கு ஜார்ஜ் டவுனைப் பாருங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை பழைய கடைவீடுகளில் மக்கள் குடியிருந்தார்கள். 2000-இல் அது நீங்கியதும் வாடகை எகிறி நிறையப் பேர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியல் வந்தது, பின்னாலேயே ஹோட்டல்களும் காபிக் கடைகளும் வந்தன. சுவர் பிழைத்தது, குடித்தனம் போனது. என் வீட்டுக்கும் அதுதான் முடிவு என்றால், எதைக் காக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
சுவர் நின்றால் குடித்தனம் திரும்ப வர வாய்ப்பாவது உண்டு. கோபுரம் வந்தால் அதுவும் இல்லை.

கணக்குப்புலி:
கோபுரத்தில் இருநூறு குடித்தனம் இருக்கும் நண்பரே. அவர்களும் மனிதர்கள்தானே?

வாரிசு:
இரண்டு பேரும் என்னைக் கேட்காமலே என் வீட்டைப் பங்கு போடுகிறீர்கள். பட்டியலில் சேர்க்கும் அன்றைக்கே பழுதுபார்க்கப் பணமும், விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லக் கெடுவும் எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் இடிக்கவே மாட்டேன்.