மறு: 'இறையச்சமுடையோர்' என்பதற்கு மாற்றாக 'இறையஞ்சுநர்'

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். உரோமப் பேரரசின் நகரங்களில், முழுதாக மதம் மாறாமல் யூதத் தொழுகைக்கூடங்களோடு ஒட்டி வாழ்ந்த யூதரல்லாதாரைக் குறிக்கும் 'தெயோசெபெய்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, 'இறையச்சமுடையோர்' என்னும் ஆக்கத்தை நம் குழும அம்மையார் ஒருவர் முன்வைத்திருக்கிறார்கள். பொருளளவில் அதில் பிழையில்லை. ஆயினும் அதைக் கலைச்சொல்லாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தமிழ் இஸ்லாமிய எழுத்தில் 'இறையச்சம்' என்பது 'தக்வா' என்னும் கருத்துக்கு உரிய சொல்லாக நிலைபெற்றுவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அச்சொல் ஒருவருடைய குணத்தைச் சொல்கிறதே தவிர, அவர் ஒரு சமூகத்தின் எந்த வாசலில் நின்றார் என்பதைச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது நிலையைச் சுட்டும் சொல்.

அந்த நிலையை மிகத் தெளிவாகக் காட்டுவது அஃப்ரோடிசியாஸ் கல்வெட்டு. இன்றைய துருக்கியின் தென்மேற்கில் உள்ள அந்நகரில் 1976-இல் கண்டெடுக்கப்பட்டு 1987-இல் முழுமையாக வெளியிடப்பட்ட அந்தக் கல்லின் ஒரு முகத்தில், யூதர்களின் பெயர்கள் முதலில் வருகின்றன. பிறகு 'தெயோசெபெய்ஸ் ஆகிய இவர்களும்' என்ற பொருள்படத் தனித்தலைப்பு இட்டு, பெரும்பாலும் கிரேக்கப் பெயர் தாங்கிய 50-க்கும் மேற்பட்டோரின் பட்டியல் தொடர்கிறது. அவர்களுள் 9 பேர் நகரவை உறுப்பினர்கள். ஒரே கல்லில் இடம்பெற்றும் தனித்தலைப்பின்கீழ் நிற்கும் இவர்களைப் பக்திமான்கள் என்று மட்டும் பெயர்த்தால், கல் வெட்டியவர் கருதிச் செய்த பிரிவினை தமிழில் காணாமற்போகும். இக்கல் வெளியாவதற்கு முன், 1981-இல், அமெரிக்க ஆய்வாளர் கிராபெல், இப்படியொரு பிரிவினர் இருந்ததற்குத் தொழுகைக்கூட அகழாய்வுகளில் சான்றில்லை என்று வாதிட்டிருந்தார். இக்கல்வெட்டை முதலில் 3-ஆம் நூற்றாண்டினது என்றார்கள். 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டினது என்று கருதுவோரே இப்போது மிகுதி. எனவே கிறித்தவத் திருத்தூதர் பவுலின் காலமாகிய 1-ஆம் நூற்றாண்டுக்கு இதை நேர்ச்சான்றாகக் கொள்வதில் நிதானம் வேண்டும்.

முற்காலச் சான்றுகளும் உண்டு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உரோம அங்கதக் கவிஞர் ஜூவெனல், யூதரின் ஓய்வுநாளுக்கு அஞ்சும் ஒரு தந்தையையும், அவரையும் விஞ்சிச் சென்று விருத்தசேதனம் செய்துகொள்ளும் மகனையும் பழிக்கிறார். தந்தை நிற்பது நமது சொல்லுக்குரிய இடத்தில். மகனோ முழுதாக மதம் மாறியவர். இந்த இருவரையும் வேறுபடுத்தத் தெரியாத கலைச்சொல்லால் பயனில்லை.

மதம் மாறியோருக்குப் பழைய தமிழ் விவிலியத்தில் அருமையான சொல் இருக்கிறது: 'யூதமார்க்கத்தமைந்தவர்கள்'. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் செசரியாவின் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு 'தேவனுக்குப் பயந்தவன்' என்றும், இரத்தாம்பரம் விற்ற லீதியாள் 'தேவனை வணங்குகிறவள்' என்றும் அங்கே வெவ்வேறாகப் பெயர்க்கப்பட்டுள்ளனர். மூலத்திலும் அஞ்சுதல், வணங்குதல் என இரு வினைகள் இருப்பதால், அது நேர்மையான மொழிபெயர்ப்பே. வரலாற்று எழுத்துக்கோ இருவரையும் ஒருசேரச் சுட்டும் ஒற்றைச்சொல் தேவை.

அதற்கு 'இறையஞ்சுநர்' என்பதை முன்மொழிகிறேன். அனுப்புநர், பெறுநர் என்று எழுதும்போது நாம் ஒருவருடைய இயல்பைச் சொல்வதில்லை, கடிதத்தில் அவருக்குரிய இடத்தைச் சொல்கிறோம். '-நர்' ஈற்றின் அந்த ஆற்றலே இங்கு வேண்டியது. ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் அது பொருந்துவதால், கொர்நேலியுவையும் லீதியாளையும், உரோமப் பேரரசர் நீரோவின் மனைவி என்றபோதும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசால் இதே அடைமொழி பெற்ற பொப்பேயாவையும் ஒரே சொல்லால் குறிக்கலாம். ஆனால் பொப்பேயா உண்மையிலேயே இப்பிரிவைச் சேர்ந்தவரா என்பது வேறு வழக்கு.

'தெயோசெபெய்ஸ்' என்பதில் வணக்கம்தான் உள்ளது, அச்சம் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யூதமத ஆசிரியர்களான இரபிகளின் எபிரேய வழக்கு 'வானத்துக்கு அஞ்சுவோர்' என்பதாகும். ஜூவெனலின் இலத்தீன் வினையும் அஞ்சுதலே. தமிழிலும் இவ்விரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்குப் 'பயபக்தி' என்ற சொல்லே போதும். குழுமத்தில் வந்த மற்ற இரண்டு பரிந்துரைகளில், 'அரையூதர்' இழிவு தொனிப்பது. 'யூதச் சார்பாளர்' இன்றைய அரசியலை நினைவூட்டுவது.

ஓரிடத்தில் மட்டும் இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த மிலேத்து என்னும் பழைய நகரின் அரங்கில் ஓர் இருக்கையில் உள்ள கல்வெட்டு, 'தெயோசெபெய்ஸ் எனவும்படும் யூதர்களின் இடம்' என்று பொருள்கொள்ளுமாறு அமைந்திருக்கிறது. அங்கே அடைமொழி யூதர்களையே சேர்கிறது என்பது என் வாசிப்பு. ஆகவே அக்கல்வெட்டைப் பெயர்க்கும்போது கிரேக்கச் சொல்லை ஒலிபெயர்த்து விடுவதே முறை.

நண்பர்களிடம் குறிப்பாகக் கருத்து வேண்டுவது விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 13:43 குறித்து. அங்கே மூலமே இரு பிரிவுகளையும் கலந்துவிடுகிறது. 'யூதமார்க்கத்தமைந்த பக்தியுள்ளவர்கள்' என்ற பழைய பெயர்ப்பை அவ்வாறே விட்டுவிடலாமா, அல்லது அடிக்குறிப்பில் 'இறையஞ்சுநர்' என்பதைச் சேர்க்க வேண்டுமா?

அன்புடன்.